ஆமணக்கெண்ணெயும் பிளாஸ்டிக்கும்

திருப்பூர், பல்லடம், காங்கயம், தாராபுரம் முதலிய தாலுகாக்களில் மஞ்சள், நிலக்கடலை, பருத்தி இவற்றின் வரப்பு ஓரங்களில் ஆமணக்குச் செடிகளை நட்டு வைப்பது வழக்கம். கொங்கு நாட்டார் இதனைக் கொட்டமுத்து என்றும் சொல்லுவர். புரொடீனியாப் பூச்சி இதன் அகன்ற இலைகளை நாடி முட்டையிடும்; அம்முட்டைக் குவியல்களைப் பறித்து அழித்துவிட்டால் பிரதானப் பயிர் தப்பும். இவ்வளவோடு ஆமணக்கின் உபயோகம் முடிந்துவிட்டதென்றும், அதன் எண்ணெய் விளக்குக்கும் பேதிக்குமே உரியதென்றும் எண்ணுவோர் உளர். அது சரியன்று. ஆமணக்கெண்ணெயும், அதன் இனத்தைச் சேர்ந்த அமிலங்களும் எஸ்டர்களும் பிளாஸ்டிக் பொருள்களுக்கும் பெயின்டுகளுக்கும் இன்றியமையாத துணைச் சரக்குகளாக விளங்குகின்றன. தோட்டத்து ஹோஸ், கலப்பைக்குப் பூசும் பெயின்டு, பனியன் மேல் அச்சிடும் படம் ஆகிய யாவற்றிலும் இவற்றின் வேலை இருக்கிறது. அவ்வேலை இன்னதென்று அறிந்தால் பொருள் வாங்குவதிலும் பாதுகாப்பதிலும் நஷ்டமடையாமல் இருக்கலாம்.

அமிலமும் எஸ்டரும்

புளியிலுள்ள டார்டாரிக் அமிலம், எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம், தயிரிலுள்ள லாக்டிக் அமிலம் ஆகிய யாவும் கார்பாக்சிலிக் அமிலம் என்னும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. இவ்வகுப்பைச் சேர்ந்த அமிலம் ஒன்று ஆல்கஹால் இனத்துப் பொருளோடு கூடும்போது நீர் பிரிந்து, எஸ்டர் என்னும் புதுப்பொருள் உண்டாகிறது. எஸ்டருக்குப் புளிப்பில்லை; பெரும்பாலும் எண்ணெய் போன்றிருக்கும். நாம் உபயோகிக்கும் தாவர எண்ணெய்கள் யாவும் கொழுப்பு அமிலங்கள் கிளிசரினுடன் கூடியுண்டான எஸ்டர்களே. காங்கயம் பகுதியில் ஆட்டும் தேங்காயெண்ணெயில் லாரிக் அமிலம் மிகுதி. ஆமணக்கெண்ணெயிலோ நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் ரிசினோலிக் அமிலம் உள்ளது. வேறெந்தச் சாதாரண எண்ணெயிலும் இவ்வமிலம் இந்த அளவில் இல்லாமையால் ஆமணக்குக்குத் தனி மதிப்பு ஏற்பட்டிருக்கிறது.

கெட்டியான பிளாஸ்டிக் வளைவது எப்படி

பி. வி. ஸி. எனப்படும் பாலிவினைல் குளோரைடு இயல்பில் கெட்டியானது. அதன் அணுத்தொடர்கள் நீண்ட நூல்களைப்போல் ஒன்றையொன்று இறுகப் பற்றிக் கிடக்கும். அவற்றினிடையே எஸ்டரைச் செலுத்தினால் தொடர்கள் விலகி எளிதில் அசையும், பொருளும் வளையும். காய்ந்து விறைத்த தோல்வார் எண்ணெய் ஊட்டினால் மிருதுவாவதை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். 1926ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வால்டோ செமன் என்னும் ரசாயன நிபுணர் பி. வி. ஸி.யை இவ்வாறு மிருதுவாக்கும் வழியைக் கண்டார். இதன் பின்னர் தாலிக் அமிலத்தின் எஸ்டர்களாகிய தாலேட்டுகள் மலிவு காரணமாக எங்கும் பரவின.

அமிலங்களுக்கு வேறொரு வேலையும் உண்டு. பி. வி. ஸி.யைச் சூடாக்கினால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிப்பட்டுப் பொருள் பழுத்துக் கெடும். ஸ்டியரிக் அமிலத்தோடு கால்சியம், துத்தநாகம் இவை கூடிய உப்புகளைச் சிறிதளவு சேர்த்தால், அவை வெளிவரும் அமிலத்தைப் பிடித்து நிறுத்தும். அச்சில் ஒட்டாமல் வழுக்கியும் கொடுக்கும். முன்னர் குழாய்களில் இவ்வேலைக்கு ஈயத்தின் உப்புகள் சேர்க்கப்பட்டன. அது விஷமாதலால் இந்திய அரசாங்கம் 2021ஆம் ஆண்டில் அதனை விலக்குவதற்கு விதிகள் ஏற்படுத்தியது.

ஹோஸ் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பூமியில் புதைக்கும் கெட்டியான பி. வி. ஸி. பைப்பில் மிருதுவாக்கும் எஸ்டர் இல்லை. சுருட்டக்கூடிய ஹோஸில் அது மிகுதியாக உண்டு. இவ்வெஸ்டர் பிளாஸ்டிக்கோடு ரசாயன முறையில் பிணைக்கப்படாமல் இடையில் தங்கியிருப்பது மட்டுமே. ஆகையால் வெயிலிலும் உஷ்ணத்திலும் நாளடைவில் வெளியேறிவிடும். ஹோஸ் முதலில் பிசுபிசுத்துப் பின்னர் விறைத்து வெடிப்பதற்கு இதுவே முக்கியமான காரணம். வேலை முடிந்ததும் ஹோஸைச் சுருட்டி நிழலில் வைத்தல் நலம்.

மண்ணெண்ணெயும், எண்ணெயில் கரைத்த பூச்சி மருந்துகளும் இவ்வெஸ்டரை இழுத்துக்கொள்ளும். ஆதலின் அவற்றின் அருகில் ஹோஸைப் போடலாகாது. பாலிலும் உணவு எண்ணெயிலும் உள்ள கொழுப்பும் இவ்வாறே அதனை வாங்கிக்கொள்ளும். எனவே பால் ஊற்றுவதற்கோ, செக்கிலிருந்து எண்ணெய் இறக்குவதற்கோ தோட்டத்து ஹோஸை ஒருபோதும் உபயோகிக்கக்கூடாது. உணவுக்கென்று செய்த குழாயே தகுதியானது. குடிநீருக்குக் கெட்டியான பைப் பதிப்பவர்கள் ஐ. எஸ். 4985 என்னும் முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பெயின்டில் எண்ணெயின் வேலை

ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசினால் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று உறைந்து படலமாகும். ஆமணக்கெண்ணெய் அவ்வாறு உலர்வதில்லை. ஆனால் அதனைத் தக்க முறையில் சூடாக்கி நீரின் கூறுகளைப் பிரித்துவிட்டால் அதுவும் உலரும் எண்ணெயாகிவிடும். வெள்ளைப் பெயின்டில் சேர்த்தாலும் எளிதில் மஞ்சளிக்காது. இரும்புச் சாமான்களுக்குப் பூசும் எனாமல் பெயின்டுகளில் பெரும்பாலானவை ஆல்கிட் என்னும் பிசினால் ஆனவை. தாலிக் அமிலமும் கிளிசரினும் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்து தொடர்தொடராகப் பின்னிய எஸ்டரே இந்தப் பிசின். எண்ணெயமிலம் மிகுந்தால் படலம் வளையும். குறைந்தால் விரைவில் உலர்ந்து கடினமாகும். ஆதலின் கலப்பை, பம்ப் செட் முதலியவற்றுக்குப் பூசுமுன் துருவையும் எண்ணெய்ப்பசையையும் நன்றாக நீக்கி, மெல்லிய இரண்டு பூச்சாகப் பூசுவதே நலம். ஒரே பூச்சாகத் தடித்துப் பூசினால் மேல் உலர்ந்தும் உள் உலராமல் சுருங்கும். வீட்டுப் பெயின்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாதென்னும் சட்டம் 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் அமலில் இருப்பதையும் நினைவிற்கொள்க.

பனியன் அச்சும் அயல்நாட்டு விதிகளும்

திருப்பூரின் பிரிண்டிங் பட்டறைகளில் பனியன்மேல் அச்சிடும் மைகளுள் பிளாஸ்டிசால் என்பது முக்கியமானது. பொடியான பி. வி. ஸி.யை எஸ்டரில் குழைத்த கூழே இது. இதற்கு வேண்டிய பி. வி. ஸி. பொடி நம் மாகாணத்திலேயே மேட்டூரில் உற்பத்தியாகிறது. கூழை ஸ்கிரீன் வழியாகத் துணிமேல் இழுத்துச் சுமார் 160 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் காய்ச்சினால் பொடி எஸ்டரை உறிஞ்சி ஒரே படலமாகிவிடும். உஷ்ணம் போதாவிடில் சலவையில் படம் வெடித்து உதிரும்.

தாலேட்டுகளுள் சில, குழந்தைகளின் உடல் வளர்ச்சிக்குத் தீங்கு செய்யும் என்று கண்டதால் அயல்நாடுகள் விதிகளை இறுக்கின. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளின் பொம்மைகளிலும் பராமரிப்புப் பொருள்களிலும் குறிப்பிட்ட தாலேட்டு நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேல் இருத்தலாகாதென்றது. ஐரோப்பிய யூனியனில் 2020 ஜூலை 7 முதல் நான்கு தாலேட்டுகளுக்கு இவ்வரம்பு மேலும் பல நுகர்பொருள்களுக்கு விரிவாக்கப்பட்டது. சோதனையில் தவறும் சரக்கு திரும்பிவிடும். அந்த நஷ்டம் கம்பெனியோடு நில்லாது, அங்கு வேலைக்குச் செல்லும் கிராமத்துக் குடும்பங்களையும் சேரும். ஆகையால் தாலேட்டு இல்லாத எஸ்டர்கள் இடம்பெற்று வருகின்றன. எலுமிச்சையிலுள்ள அதே சிட்ரிக் அமிலத்தின் எஸ்டர்களும், சோயா எண்ணெயிலிருந்து செய்த எபாக்சி எண்ணெயும் அவற்றுட் சில. ஆமணக்கெண்ணெயைக் காஸ்டிக் சோடாவுடன் சூடாக்கிப் பெறும் செபாசிக் அமிலத்தின் எஸ்டர், கடுங்குளிரிலும் பிளாஸ்டிக்கை விறைக்கவிடாது. நெசவுக்கும் ஆமணக்கு புதியதன்று. அதனைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் செய்யும் டர்க்கி ரெட் ஆயில், சாயப் பட்டறைகளுக்கு நெடுங்காலமாகப் பழக்கமானதே.

ஆமணக்குப் பயிரிடுவோருக்கு

உலகில் ஆமணக்கு விளைவிப்பதில் இந்தியாவே முதன்மை. அதிலும் பெரும்பங்கு குஜராத்தினது. விலை ஏறி இறங்குவது அங்குள்ள விளைச்சலைப் பெரிதும் பொறுத்ததாகையால், ஆலைகளில் எண்ணெய் வேண்டியிருக்கிறதென்று கேட்டமாத்திரத்தில் முழுக் காட்டையும் இதற்கே விடுவது விவேகமன்று. வரப்புப் பயிராகவோ ஊடுபயிராகவோ தொடங்குவதே நலம். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் 2009ஆம் ஆண்டில் ஒய். ஆர். ஸி. எச். 1 என்னும் வீரிய ஒட்டு ரகத்தை வெளியிட்டது. வீரிய ஒட்டு ரகமாதலால் விதையை ஒவ்வொரு முறையும் புதிதாகவே வாங்க வேண்டும். காய்கள் ஒரே சமயத்தில் முற்றுவதில்லையாதலால் குலை குலையாக அறுவடை செய்தல் வேண்டும்.

எண்ணெய் எடுத்தபின் நிற்கும் பிண்ணாக்கில் ரிசின் என்னும் கொடிய விஷம் தங்கும். அதனை மாடு, ஆடுகளுக்கு வைத்தல் ஆகாது. நூற்றுக்குச் சுமார் 4 பங்கு தழைச்சத்து உள்ள அப்பிண்ணாக்கு நிலத்துக்கு நல்ல உரமாகும். இட்டவுடன் மண்ணோடு கலந்து மூடுவதும், நாயும் ஆடும் அணுகாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

கழிவுகளைப் பற்றி

படம் அச்சிட்ட துணிக் கழிவையும் கிழிந்த ஹோஸ்களையும் வரப்பில் போட்டுக் கொளுத்துவது மிகவும் தீய பழக்கம். பி. வி. ஸி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின் ஆகும். எரியும்போது மூச்சை அரிக்கும் அமிலப் புகையும், டையாக்ஸின் என்னும் நச்சும் உண்டாகும். அந்நச்சு புல்லில் படிந்து, மாட்டின் பாலில் ஏறும். சாயக் கழிவினால் நொய்யல் கரை நிலங்கள் கெட்டதும், 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டதும் இப்பகுதியினர் மறக்கக்கூடியவை அல்ல. பிளாஸ்டிக் கழிவை வெளியில் எரிப்பது சட்ட விரோதமாதலால், ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் அதனைத் தடுத்து, இத்தகைய கழிவைத் தனியே சேர்த்து ஒப்படைக்க ஏற்பாடு செய்தல் வேண்டும்.

சுருங்கக் கூறின், ஹோஸை நிழலில் வைக்க; பாலுக்கும் எண்ணெய்க்கும் அதனை உபயோகியாதிருக்க; பிண்ணாக்கை நிலத்துக்கே இடுக; பிளாஸ்டிக்கைக் கொளுத்தாதிருக்க. இந்நான்கையும் கடைப்பிடிப்பதற்குச் செலவு ஏதுமில்லை. தவறினால் வரும் நஷ்டமோ பெரிது.