மறைபொருள் தேடும் விளையாட்டு

ஒளித்து வைத்த பொருளைத் தேடிக் கண்டுபிடிப்பதில் சிறுவர்க்குள்ள மகிழ்ச்சி பெரிது. வயது முதிர்ந்த பின்னும் அம்மகிழ்ச்சி மனிதனை விட்டு அகல்வதில்லை. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்னும் மேட்டுநிலம் உண்டு. அங்கே வழிகாட்டியாகத் தொழில் புரிந்த ஜேம்ஸ் பெரட் என்பவர், 1854-ஆம் ஆண்டில், எளிதில் செல்ல இயலாத சதுப்பு நிலத்தின் நடுவே ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தார். அரிதின் முயன்று அவ்விடத்தை அடைந்தவர்கள் தம் பெயர்ச் சீட்டை அதனுள் இட்டு மீண்டனர். அதனை ஒத்த விளையாட்டு ஒன்று, விண்ணிற் சுழலும் செயற்கைக் கோள்களின் துணையோடு இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. அதற்கு ஜியோகேச்சிங் என்பது பெயர்.

இவ்விளையாட்டுத் தோன்றிய வரலாறு சுவையானது. நிலவுலகில் ஒருவர் நிற்கும் இடத்தை அறிவிக்கும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களை அமெரிக்க அரசு 1978-ஆம் ஆண்டு முதல் ஏவி வந்தது. அவற்றினின்று பொதுமக்களுக்குக் கிடைத்த குறியலைகளில், பாதுகாப்புக் கருதி, வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் கருவி காட்டிய இடம் உண்மையான இடத்தினின்று 100 மீட்டர் வரையில் விலகி நின்றது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் அப்பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர், ஆரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் என்னும் ஊரின் அருகில் ஒரு வாளியை மறைத்து வைத்தார். நூல்கள், ஒரு கவண், பயறு அடைத்த தகர டப்பா முதலியன அதில் இருந்தன. அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை அவர் இணையத்தின் வழியே அறிவித்தார். மூன்று நாட்களுக்குள் இருவர் அதனைக் கண்டுபிடித்துவிட்டனர். இன்று இவ்வாறு மறைத்து வைக்கப்பட்டுள்ள பேழைகள் உலகெங்கும் 30 இலட்சத்திற்கு மேற்பட்டவை.

இடமறியும் முறை யாதெனக் காண்போம். மின்னலைக் கண்டபின் இடியோசை எத்தனை வினாடி கழித்துக் கேட்கின்றது என்று எண்ணி, இடி எவ்வளவு தொலைவில் விழுந்தது என்று கணிக்கலாமன்றோ? இதுவும் அத்தகையதே. செயற்கைக் கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகை வலம் வருகின்றன. ஒவ்வொன்றும் அணுக்கடிகாரம் தாங்கித் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் வானொலி அலைகளால் இடைவிடாது அறிவிக்கின்றது. சட்டைப் பையில் அடங்கும் திறன்பேசி அவ்வலைகளை ஏற்று, அவை வந்து சேர்ந்த காலத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகின்றது. அலைகள் வினாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் செல்வன. ஆதலால், வினாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைபட்டாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும். திறன்பேசியின் கடிகாரமோ அத்துணை நுட்பமானதன்று. ஆகவே, இடத்தை அறிய மூன்று கோள்களும், கடிகாரத்தைத் திருத்த நான்காவது கோளும் தேவைப்படுகின்றன.

தேடச் செல்வோர் திறன்பேசியிலுள்ள செயலியில் பேழையின் இட அளவைப் பதிவு செய்துகொள்வர். செயலி நிலப்படத்தில் வழியையும், அம்புக்குறியால் திசையையும், எண்ணால் தொலைவையும் காட்டும். ஆயினும், அத்தொலைவு பறவை பறக்கும் நேர்க்கோட்டுத் தொலைவாகவும் இருக்கலாம். பேழை 200 மீட்டர் தொலைவில் உள்ளதென்று கருவி கூறும். இடையே ஓர் ஆறு ஓடுவதை அம்புக்குறி அறியாது. பாலம் எங்குள்ளது என்று நிலப்படத்தைப் பார்த்து அறிதல் வேண்டும். அம்பை மட்டும் நம்பி நடப்பவன் பள்ளத்தில் வீழ்ந்து துன்புறவும் கூடும்.

திறந்த வெளியில் திறன்பேசி ஏறத்தாழ 5 மீட்டர் அளவிற்கு இடத்தைச் சரியாகக் காட்டும். அடர்ந்த மரங்களின் கீழும் உயர்ந்த கட்டடங்களின் நடுவிலும் பிழை மிகும். இரும்பின் அருகே அதிலுள்ள காந்தத் திசைகாட்டியும் தடுமாறும். எனவே, பேழையை நெருங்கியபின் தேர்ந்தவர்கள் கருவியைப் பையில் இட்டுவிட்டுக் கண்களையே நம்புவர். இயற்கைக்கு மாறாக அடுக்கிய கற்கள், வேரடியில் குவிந்த சுள்ளிகள் ஆகியவை அவர்களுக்கு வழிகாட்டுகின்றன. மின்கலம் தீர்ந்துபோகலாம், தொலைபேசித் தொடர்பு அற்றுப்போகலாம். ஆதலின் நிலப்படத்தை முன்னரே இறக்கி வைத்துக்கொள்ளுதலும், தாளில் அச்சிட்ட படம் ஒன்றை உடன் கொண்டு செல்லுதலும், செல்லுமிடத்தை வீட்டாரிடம் கூறிச் செல்லுதலும் அறிவுடைமையாகும்.

பேழை வைப்போர்க்கும் கடமைகள் உண்டு. நிலத்துக்குரியவரின் இசைவைப் பெறுதல் வேண்டும். அவ்விசைவின்றி நிலத்தைத் தோண்டலாகாது. பேழையின் மேல் அது இன்னதென எழுதுதல் வேண்டும். எழுதாத பெட்டியை வெடிகுண்டென ஐயுற்றுக் காவலர் விரைந்து வந்த நிகழ்ச்சிகள் உண்டு. விலங்குகள் நாடி வருமாதலால் உணவுப் பொருளை வைத்தலும் கூடாது. முதற்பேழையில் பயறு இருந்ததெனினும், பட்டறிவு பிற்பாடு இவ்விதியைக் கற்பித்தது.

பேழைக்குள் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். கண்டவர் அதில் தம் பெயரையும் நாளையும் எழுதுவர். ஒரு பொருளை எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடான அல்லது அதனினும் மேலான ஒன்றை வைப்பர். பின்னர்ப் பேழையை இருந்தவாறே மறைத்துச் செல்வர். அங்கே காவலர் இல்லை, பூட்டும் இல்லை. நேர்மையற்ற ஒருவன் வந்தால் பிறர் உழைப்பு நொடியில் அழிந்துவிடும். அவ்வாறிருந்தும் இவ்விளையாட்டு ஆண்டு பல கடந்து நிலைபெற்றுள்ளது. ஒருவர் முகத்தை ஒருவர் அறியாத மக்கள், தமக்குப் பின் வருபவரையும் எண்ணி நடந்துகொள்வதே அதற்குக் காரணம். செயற்கைக் கோள்கள் மனிதனைப் பேழையின் அருகே கொண்டு சேர்க்கும். எஞ்சிய சில அடிகளை அவன் கூரிய நோக்கால் கடக்கின்றான். அதனைப் பிறர்க்கென மீண்டும் வைத்துச் செல்வதோ அவனுடைய பண்பைப் பொறுத்தது.