தேரைக் குஞ்சுகள் கரையேறிய கதை

"ஸார், நியூட் என்னும் இந்தப் பிராணி நம் ஊரில் அகப்படுமா?" என்று சென்ற ஐப்பசியில் என் மாணாக்கன் ஒருவன் கேட்டான். புத்தகப் படத்தில், பல்லியைப் போன்ற உடலும், கழுத்தின் இரு புறமும் இறகு போன்ற செவுள்களும் உடைய குஞ்சு ஒன்று காணப்பட்டது. நம் தேசத்தில் அவ்வினம் டார்ஜிலிங் முதலிய வடகிழக்கு மலைப் பிரதேசங்களில்தான் உண்டு. கடலூரில் கடல் இருக்கிறது, இமயமலை இல்லையே! ஆயினும், நீரில் பிறந்த ஜீவன் நிலத்துக்கு ஏறும் அதிசயத்தைக் காண அவ்வளவு தூரம் போவானேன்? மழைக்காலத்தில் கெடிலக்கரைக் குட்டைகளில் தேரையின் முட்டைகள் கருமணி மாலைபோல் நீண்டு கிடக்கின்றன.

அம்மாலையில் ஒரு சிறு துண்டை எடுத்து வந்து வகுப்பிலிருந்த கண்ணாடித் தொட்டியில் இட்டோம். இரண்டொரு தினங்களில் தலைப்பிரட்டைகள் வெளிவந்தன. வேகவைத்த கீரையைத் துளித் துளியாகப் போட்டோம். ஐந்தாம் வாரத்தில் பின்னங்கால்கள் நன்கு வளர்ந்திருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை சிலவற்றுக்கு முன்னங்கால்களும் வெளிவந்துவிட்டன. பையன்களின் குதூகலத்தைக் கேட்க வேண்டுமா? திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், கால் முளைத்தவை யாவும் செத்து மிதந்தன. அன்று முதல் மணியில் பாடம் நடக்கவில்லை.

குற்றம் என்னுடையதே. தொட்டி நிறைய ஜலம் ஊற்றியிருந்தேன். ஏறி உட்கார ஒரு கல்கூட வைக்கவில்லை. முன்னங்கால் வெளிவரும் சமயத்தில் செவுள்கள் மறைந்து, சுவாசப்பை வேலை செய்யத் தொடங்குகிறது. கரை கிடைக்காவிட்டால், அதுவரை நீரே வீடாக இருந்த ஜீவன் அந்த நீரிலேயே மூச்சுத் திணறி இறக்கும். பட்டம் பெற்றவனுக்கு இது தெரியாதா என்று வாசகர்கள் கேட்கலாம். தெரியும், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

மார்கழித் தொடக்கத்தில் மீண்டும் மழை பெய்தது. இம்முறை சிதம்பரத்தில் என் வீட்டிலேயே ஆரம்பித்தேன். குட்டையில் குஞ்சுகளை அள்ளாமல் முட்டையாகவே எடுத்தது நல்லதாயிற்று. அள்ளினால் வயல்களில் கத்தும் பெருந்தவளையின் குஞ்சும் கலந்துவிடும், அது மற்றவற்றைத் தின்றே வளர்வது. குழாய் ஜலத்தில் குளோரின் இருப்பதால் மழைநீரையே பயன்படுத்தினேன். மிஞ்சிய கீரை அழுகுமுன் எடுத்துவிட்டு, இரண்டு நாளுக்கொரு முறை பாதி நீரை மாற்றினேன். பின்னங்கால்கள் தடித்ததும், அகன்ற மண்தாழியைச் சாய்த்து வைத்து, ஒரு பக்கம் விரற்கடை ஆழத்துக்கு மட்டும் நீர் விட்டு, மறுபக்கம் ஈரமண்ணும் ஓட்டுத் துண்டுகளும் பரப்பினேன். வடகத்துக்கு வைத்திருந்த தாழி அது என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது.

முன்னங்கால்கள் தோலுக்குள்ளேயே உருவாகித் திடீரென்று வெளிவருகின்றன. அப்பொழுது அது உணவு கொள்ளாது. கீரை தின்ற நீண்ட குடல் சுருங்கிப் பூச்சி தின்னும் குடலாகிறது. கரைந்துவரும் வாலே அந்த நாட்களுக்கு ஆகாரம். இந்த மாறுதல்களையெல்லாம் நடத்துவது கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி. 1912-ஆம் ஆண்டில் குடர்நாட்ச் என்ற விஞ்ஞானி தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டை உணவாகக் கொடுத்தபோது, அவை வளர்ச்சி முற்றாமலே குட்டித் தவளைகளாகிவிட்டன. நியூட்டுக்கோ முன்னங்கால்கள் முதலில் தோன்றும், வால் போகாது, குஞ்சுப் பருவத்திலேயே உயிருள்ள இரைதான் வேண்டும். ஆனால் செவுளை இழந்து காற்றைச் சுவாசிக்கும் கண்டம் அதற்கும் உண்டு.

கரையேறிய தேரைகள் சுண்டுவிரல் நகத்தளவே இருந்தன. அசையும் இரையைத்தான் அவை பிடிக்கும். அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் சிற்றீக்கள் கைகொடுத்தன. எனினும் அதிக நாள் வைத்துக்கொள்ள நான் துணியவில்லை. தை மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை, முட்டை எடுத்த குட்டையின் ஓரத்துக்கே தாழியைக் கொண்டுபோனோம். கடலூரிலிருந்து நான்கு பையன்கள் ரயிலேறி வந்திருந்தார்கள். நாற்பதில் முப்பத்தொன்று பிழைத்திருந்தன. இரண்டாம் தடவை எண்ணிப் பார்க்கலாமென்று அவர்கள் குனிவதற்குள், பாதிக்கு மேல் புல்லுக்குள் மறைந்துவிட்டன.