கறவை மாடுகளில் ஓமோன் பரிசோதனை

ஒன்றிரண்டு பசுக்களைக் கொண்டு சீவனம் நடத்தும் குடும்பத்திற்கு, அவை சினையாகாது கழியும் ஒவ்வொரு மாதமும் நட்டமே. கன்று ஈன்றாலன்றிப் பால் இல்லை. பால் வற்றியபோதும் தீனிச் செலவு ஒழிவதில்லை. பசுவின் வேட்கைக்காலம் ஏறக்குறைய 21 நாட்களுக்கு ஒருமுறை வருவது. வந்தாலும் ஒரு நாளளவும் நில்லாது. அதனைத் தவறவிட்டவர் மேலும் 3 வாரம் காத்திருத்தல் வேண்டும். எருமையின் நிலை இதனினும் இடர்ப்பாடுடையது. அதன் வேட்கைக் குறிகள் பெரும்பாலும் வெளிப்படத் தோன்றா. கண்ணுக்குப் புலப்படாத இம்மாறுதல்களை ஆய்வுகூடத்தில் அறிந்துகொள்ளத் துணைசெய்வதே ஸ்ரெரொயிட்டு ஓமோன்களை அளவிடும் முறையாகும்.

கொலஸ்திரோலிலிருந்து உடலில் ஆக்கப்படும் ஓமோன்கள் ஸ்ரெரொயிட்டுக்கள் எனப்படும். அவற்றுள் இங்கு முதன்மையாகக் கருதப்படுவது புரொஜெஸ்தரோன் ஆகும். சூலகத்திலிருந்து முட்டை வெளிப்பட்டபின், அவ்விடத்தில் மஞ்சட்சடலம் என்னும் உறுப்பு உருவாகின்றது. அது சுரக்கும் புரொஜெஸ்தரோன் கருவைத் தாங்குவதற்குக் கருப்பையை ஆயத்தஞ் செய்கின்றது. கரு உண்டாகாவிடின் மஞ்சட்சடலம் தேய்ந்தொழியும். ஓமோனின் அளவு வீழும். மீண்டும் வேட்கை தோன்றும். கரு உண்டாயின் மஞ்சட்சடலம் நிலைத்திருக்கும், ஓமோனும் குறையாது.

ஆயினும் இவ்வோமோனின் அளவு மிக நுண்ணியது. வேட்கையுற்ற பசுவின் ஒரு மில்லிலீற்றர் குருதியில் அது ஒரு நனோகிராமிலும், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கிலும், குறைவாகவே காணப்படும். இத்தகைய நுண்ணளவுகளை அளத்தற்கு வழி திறந்தவர்கள் நியூயோர்க் நகரைச் சேர்ந்த றொசலின் யலோ, சொலமன் பேர்சன் ஆகிய இருவருமாவர். இன்சுலினை அளத்தற்கென அவர்கள் வகுத்த கதிர்த்தொழிற்பாட்டு முறை பின்னர் ஸ்ரெரொயிட்டுக்களுக்கும் விரிவுபெற்றது. பேர்சன் 1972இல் மறைந்தார். யலோ 1977இல் நோபெல் பரிசில் பங்குபெற்றார்.

இம்முறையின் தத்துவத்தை ஒரு பந்திக்கு ஒப்பிடலாம். இலைகளின் தொகை வரையறுக்கப்பட்டது. அடையாளமிட்ட விருந்தினர் குறித்த தொகையினராய் வருகின்றனர். ஊரவர் எத்தனை பேர் வருவர் என்பது தெரியாது. ஊரவர் பெருகப் பெருக, அடையாளமிட்டோருக்குக் கிடைக்கும் இலைகள் குறையும். ஆகவே இலை பெற்ற அடையாளத்தாரை எண்ணினால் ஊரவரின் தொகையை உய்த்துணரலாம். இங்கு இலைகள் என்பன ஓமோனைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகள். அடையாளமிட்டவை கதிர்வீசும் அயடீனோ திரித்தியமோ சேர்ந்த ஓமோன் மூலக்கூறுகள். ஊரவரோ பரிசோதிக்கப்படும் மாதிரியிலுள்ள ஓமோன். கதிர்வீசும் பொருளுக்குப் பதிலாக நொதியத்தை அடையாளமாகக் கொண்டு, நிறமாற்றத்தால் அளவறியும் முறையும் வழக்கில் உள்ளது.

இங்கிலாந்தில் லெயிங், ஹீப் என்னும் ஆய்வாளர் 1971இல் பசுவின் பாலிலும் புரொஜெஸ்தரோனின் ஏற்றவிறக்கத்தைக் காணலாம் எனக் காட்டினர். இவ்வோமோன் கொழுப்பிற் கரைவதாதலின் பாலை நாடிச் செல்கின்றது. இதனால் ஊசியால் குருதி எடுக்க வேண்டிய தேவை நீங்கிற்று. கறக்கும் பாலிற் சிறிதளவே போதுமாயிற்று.

செயற்கை முறைச் சினைப்படுத்தல் நிகழ்ந்த நாளிலும், 10 முதல் 12ஆம் நாளுக்குள்ளும், 21 முதல் 24ஆம் நாளுக்குள்ளும் எடுக்கப்படும் மூன்று மாதிரிகள் பல செய்திகளை உணர்த்தும். முதல் நாளில் ஓமோன் மிகுந்திருப்பின், பசு வேட்கையில் இருக்கவில்லை என்பது தெளிவு. அது முன்னமே சினையாயிருத்தலுங் கூடும். இரண்டாம் மாதிரியில் மிகுதி காணப்படின் முட்டை வெளிப்பட்டமை உறுதிப்படும். மூன்றாவதிற் குறைவு காணப்படின் பசு சினையாகவில்லை என ஏறத்தாழ ஐயமின்றிக் கூறலாம். மிகுதி காணப்படினோ, சினையென்று முடிவுகட்டல் ஆகாது. மஞ்சட்சடலம் வேறு காரணத்தால் நீடித்திருக்கலாம். கரு பின்னர் அழியவுங் கூடும். இப்பரிசோதனையின் ‘ஆம்’ என்னும் விடையினும் ‘இல்லை’ என்னும் விடையே நம்பத்தக்கது. அதன் பயனும் ஆங்கேயே உளது. கையாற் சோதித்தறியும் காலம் வருமுன்னரே அடுத்த வேட்கையை எதிர்நோக்க உரிமையாளருக்கு வாய்ப்பு உண்டாகின்றது.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் சர்வதேச அணுசக்தி முகவர் நிலையமும் 1964இல் வியன்னாவில் நிறுவிய கூட்டுப் பிரிவு, வளர்முக நாடுகளில் இவ்வாய்வு பரவத் துணைநின்றது. இலங்கையிற் பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய ஆய்வாளர் 1980களில் இம்முறையாற் பசுக்களையும் எருமைகளையும் ஆராய்ந்தனர். கன்று ஓயாது பாலூட்டப்பெறுதல் ஈற்றுக்குப்பின் சூலகத்தின் தொழிற்பாட்டைத் தாமதப்படுத்தும் என்பது எருமைகளில் ஆராயப்பட்ட ஒரு செய்தி. மலடு என ஒதுக்கப்படும் விலங்கின் குறை, பராமரிப்பிலோ சினைப்படுத்திய வேளையிலோ இருத்தல் கூடும் என்பதை இத்தகைய ஆய்வுகள் உணர்த்தின.

பாற்றேவையின் பெரும்பகுதிக்கு இறக்குமதிப் பால்மாவை நம்பியிருக்கும் இந்நாட்டிற்கு இது சிறு செய்தியன்று. எனினும் ஆய்வுகூடம் தனித்து நன்மை செய்யவல்லதன்று. மாதிரி எடுத்த நாள் பிழையாகக் குறிக்கப்படின் அளவு எத்துணை நுண்ணியதாயினும் பொருளற்றதாகும். முடிவு அடுத்த வேட்கைக்குப் பின் கிடைப்பின் அவ்வீட்டாருக்கு உதவாது. தொழுவத்தில் நாள் தவறாது எழுதப்படும் குறிப்பேடும், காலந்தாழ்த்தாது வந்துசேரும் விடையும் அமையும்போதே இவ்வறிவு ஏழைக் குடும்பத்தின் பாற்செம்பை நிரப்பும்.