முற்றிய புற்றுநோயில் உறக்கமின்மை: காரணமும் சிகிச்சையும்

முற்றிய நிலைப் புற்றுநோயாளரிடம் உறக்கமின்மை பரவலாகக் காணப்படுகிறது. அது பெரும்பாலும் தனித்து எழுவதன்று. அடங்காத வலி, மூச்சுத்திணறல், குமட்டல், இறப்பு குறித்த அச்சம் ஆகியவற்றின் விளைவாக அமைகிறது. எனவே இவற்றைத் தணிப்பதே சிகிச்சையின் முதற்படியாகும். சில வேளைகளில் மருந்தே காரணமாகிறது. மூளை வீக்கத்தைக் குறைக்கவும் பசியைத் தூண்டவும் வழங்கப்பெறும் டெக்சாமெத்தசோன், மாலையில் உட்கொள்ளப்படின் இரவு உறக்கத்தைக் கெடுக்கும். அதனைக் காலையில் கொடுப்பது நன்று.

பெரியவர்களின் நாள்பட்ட உறக்கமின்மைக்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சையையே முதலில் அளிக்க வேண்டுமென 2016-இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி பரிந்துரைத்தது. உறக்கம் வாராதபோது படுக்கையை விட்டு எழுதல் அச்சிகிச்சையின் கூறுகளுள் ஒன்று. எழ இயலாதோர்க்கு இது பொருந்தாது. அவர்களைப் பகலில் சாய்ந்து அமரச் செய்தல், வெளிச்சம் படச் செய்தல், உரையாடலில் ஈடுபடுத்தல் ஆகியன மாற்று வழிகளாகும்.

பென்சோடயசெபைன் வகை உறக்க மருந்துகள் மனக்குழப்பத்தையும் தடுமாறி வீழ்தலையும் உண்டாக்கக்கூடும். மார்ஃபினுடன் சேரின் மூச்சு ஒடுங்கவும் கூடும். ஆதலின் குறைந்த அளவில், குறுகிய காலத்திற்கே அவை தரப்பெறுதல் வேண்டும். இறுதி நாள்களில் உறவினரோடு தெளிவாகப் பேசும் விழிப்பு வேண்டுமா, ஆழ்ந்த உறக்கம் வேண்டுமா என்பதில் நோயாளியின் விருப்பமே முதன்மை பெறும். அவ்விருப்பத்தை முன்னரே கேட்டறிதலும் சிகிச்சையின் ஒரு பகுதியே.