பொது இல்லத்தில் ஒரு மாலை

சிங்கப்பூர் ஆற்றங்கரையில், போட் கீ என்னுமிடத்தில் ஆங்கிலேயர் முறையிலமைந்த மதுச்சாலைகள் சில உள. 1983 வரை சரக்குத் தோணிகள் நெருங்கிக் கிடந்த கரை அது. அங்கே தொழில்புரியும் என் பழைய மாணாக்கர் ஒருவர், "பார்க்க வேண்டிய இடம், ஐயா" என்று ஒரு மாலை அழைத்துச் சென்றார். முப்பது ஆண்டுகள் கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் படிப்பித்த யான் தயங்கியே நுழைந்தேன்.

வாயிலில் ஓவியப் பலகையொன்று தொங்கிற்று. எழுத்தறியாதாரும் கடையை அறிதற்கென இங்கிலாந்தில் நிலைத்த வழக்கம் அது. காவிரிப்பூம்பட்டினத்துக் கள்விலைக் கொடியைப் பட்டினப்பாலை கூறுவது நினைவில் எழுந்தது. 'பப்' என்பது 'பொது இல்லம்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் குறுக்கம். நம்மூர்த் தவறணைபோல் ஒதுங்கி நில்லாது, உண்போரும் உரையாடுவோரும் கூச்சமின்றி வீற்றிருந்தனர்.

மாணாக்கர் இருவருக்கும் தேசிக்காய்ச் சாறே கேட்டார். பணியாளரோ, "வழக்கமாக அருந்துவது வேண்டாமா?" என்று அவரை வினவினார். மாணாக்கர் தலைகுனிந்தார். யான் கேளாதவன்போல் ஓவியப் பலகையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

கள்ளுண்பாரைவிட்டு நாணம் நீங்கும் என்பது வள்ளுவர் கருத்து. என் மாணாக்கரை அஃது இன்னும் நீங்கவில்லை. யான் படிப்பித்ததிற் பாதியேனும் எஞ்சியிருந்ததென்று தேறினேன்.