மாதரி மனைக்கு எத்தனை தூரம்?

ஆழிப்பேரலை வந்துபோன இரண்டாம் ஆண்டு அது. வகுப்பிலே சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் மடந்தையாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கும் இடம். பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, மாதரி வீட்டிலிருந்து மதுரைக் கடைத்தெருவுக்கு எவ்வளவு தூரம்?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. காப்பியத்தில் கட்டைக் கணக்குத் தேடாதே என்று கூறி அவனை அமர்த்திவிட்டேன்.

அவன் நாவலடிப் பிள்ளை. கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் அம்மணற்றிட்டை 2004 டிசம்பர் 26ஆம் நாள் அலை கொண்டது. கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசு அப்போது விதித்தது. ஆதலின், நகருக்கு வடக்கே வெற்று நிலமாகக் கிடந்த திராய்மடுவில் அம்மக்களுக்கு வீடுகள் எழுந்தன. 500 சதுர அடி என்பது அந்நாளைய வீட்டளவு. கல்வீடு கிடைத்தது, ஆனால் தந்தையின் தோணியும் வலையும் பழைய கரையிலேயே இருந்தன. விடியுமுன் எழுந்து, நகரையும் கல்லடிப் பாலத்தையும் கடந்து அவர் தொழிலுக்குப் போகவேண்டியிருந்தது. இதனை யான் பின்னரே அறிந்தேன். மகன் கேட்டது காப்பிய வினா அன்று. தன் வீட்டு வினா.

அதே வினா, கண்ணகியின் பெயரோடு சென்னையிலும் எழுந்தது. நம் ஊர்களில் வைகாசி தோறும் வழக்குரை பாடி வழிபடப்பெறும் அவ்வம்மையின் பெயரால், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் ஒரு குடியிருப்பு உளது. 2000ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அங்கே 15,000க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளைக் கட்டி, ஆற்றங்கரைக் குடிசைகளில் வாழ்ந்தோரைக் குடியேற்றியது. முதலில் எழுந்த வீடுகள் பல 200 சதுர அடியையும் எட்டவில்லை. அதனினும் பெரிய குறை தூரம். நகரத்து வீடுகளில் வேலை செய்த பெண்டிர் பலர் அவ்வேலையை இழந்தனர். பிள்ளைகள் பலர் படிப்பை இடையில் விட்டனர். வீட்டுக்குக் கொடுப்பது சிறிதாயினும் பேருந்துக்குக் கொடுப்பது பெரிதாயிற்று.

இவ்விரண்டு இடங்களின் பெயரையும் நோக்குக. திராய் என்பது ஒரு கீரை. மடு என்பது நீர் தங்கும் பள்ளம். கண்ணகி நகருக்கு அருகே பள்ளிக்கரணைச் சதுப்பு நீர் வடியும் வாய்க்காலுக்கு ஒக்கியம் மடுவு என்று பெயர். முன்னோர் நீரின் இருப்பிடத்தைப் பெயராலேயே சொல்லிவைத்தனர். ஏழைக்கென நிலம் தேடுவோர் கைக்கு எளிதில் எட்டுவது பெரும்பாலும் இத்தகைய தாழ்நிலமே. ஆண்டுக்கணக்காக ஒரு காணி ஏன் வெறுமனே கிடந்தது என்று முதலில் கேட்டல் வேண்டும். அங்கே முதற்பணம் மாடிக்கன்று, மண் உயர்த்தவும் வடிகால் வெட்டவுமே செல்லவேண்டும்.

தூரத்துக்கு மருந்து உண்டா? தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலே, இக்கீக்கே நகரின் நடுவே அரை எக்டேயர் நிலத்தில் நூறு குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாக உரிமையின்றி வாழ்ந்தன. அரவேனா என்னும் கட்டடக் கலைஞர் 2004இல் அவர்களைப் புறநகருக்கு அனுப்பாமல் அங்கேயே வீடமைத்தார். இத்தகைய வீடமைப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் விலையைப்போல் மும்மடங்கு அந்நிலத்தின் விலை. அரசு ஒரு குடும்பத்துக்குக் கொடுத்ததோ 7,500 டொலர். முழு வீட்டுக்குப் பணம் போதாமையின் அவர் பாதி வீடு கட்டினார். சுவர், படிக்கட்டு, சமையலறை, குளியலறை என, குடும்பத்தார் தாமே கட்டுதற்கு அரியவற்றை முடித்து, பக்கத்தில் வெற்றிடம் விட்டார். மறுபாதியைக் காலப்போக்கில் அவர்களே கட்டிக்கொண்டனர். வீட்டைக் குறைத்தும் இடத்தைக் குறைக்காமை அவர் செய்த நன்மை.

வாவியால் சூழப்பட்ட நம் நகரிலும் ஒருநாள் மாடிவீடுகள் பெருகும். அவற்றை வரைவோர் அறையின் அளவோடு நின்றுவிடலாகாது. பழுதானால் திருத்தப் பணம் வேண்டும் மின்தூக்கியை நம்பி உயரக் கட்டாது, ஏறக்கூடிய மாடிகளோடு நிறுத்துக. நிலத்தளத்தை முதியோர்க்கும், வலையும் இயந்திரமும் வைப்பதற்கும் ஒதுக்குக. அயலார் அமர்ந்து பேசும் அகலம் நடைக்கூடத்துக்கு இருத்தல் வேண்டும். மாதரி கொடுத்ததும் செம்மண் பூசிய ஒரு சிற்றில்தான். எனினும் முன்னே பந்தல் இருந்தது, காவல் இருந்தது, துணைக்கு ஐயை இருந்தாள். சமைக்கக் காயும் அரிசியும் அயலிலிருந்து வந்தன.

அன்று அம்மாணவனுக்குச் சொல்லவேண்டிய விடை நூலிலேயே இருந்தது. புறஞ்சேரி அறவோர்க்கு உரியது, வணிகனாகிய நீ அகநகர் புகுக என்றே கோவலனுக்கு அறிவுரை கூறப்படுகின்றது. காவற்காடும் அகழியும் மதிற்பொறிகளும் கடந்து, வாயில் புகுந்தே மாதரி தன் மனையை அடைகின்றாள். மறுநாள் சிலம்பு விற்கப் புறப்பட்ட கோவலன் மீண்டும் மதில் கடந்ததாக அடிகள் கூறவில்லை. மன்றமும் வீதியும் கடந்து கடைத்தெருவை அடைகின்றான். அவன் மனைக்குத் திரும்பாமை அரண்மனையின் பிழை. அடைக்கலம் கொடுத்தவள் பிழையன்று.

தம்பி, அது நடந்து போகும் தூரம். கேட்ட அன்றே சொல்லாதது என் பிழை.