கேள்வி கேட்போர் வேண்டும்

புதுத்தொழில் தொடங்க விழையும் இளைஞர்க்குப் பணமே முதற்குறை என்பர். துருவிக் கேள்வி கேட்போர் இன்மையே அதனினும் பெருங்குறை என்பது என் கருத்து.

அமெரிக்காவில் ஒய் காம்பினேட்டர் என்னும் நிறுவனம் 2005இல் ஒரு முறையைக் கைக்கொண்டது. விண்ணப்பித்தோருள் சிலரைத் தெரிந்து, சிறு முதல் ஈந்து, ஈடாகத் தொழிலில் ஒரு பங்கைப் பெற்று, மூன்று மாதம் உடனிருந்து நெறிப்படுத்துவதே அது. அவுஸ்திரேலியாவில் ஸ்டார்ட்மேட் அவ்வழி நின்றது. தாமே நிறுவனம் கட்டியெழுப்பியவர்கள் அங்கு வழிகாட்டிகள். “வாங்குவோர் யார்? அவரைக் கண்டு பேசினீரா?” என வினவுவதே அவர்தம் முதற்பணி.

நம் நாட்டில், யாழ்ப்பாணத்தில் ‘யாழ் ஐ.டி. ஹப்’ 2012இல் ‘யாழ் கீக் சலஞ்ச்’ என்னும் போட்டியைத் தொடங்கியது. பின்னர்ப் பாடசாலை மாணவர்க்கும் தனிப்பிரிவு அமைந்தது.

நல்லதண்ணியை எண்ணிப் பாருங்கள். கொழுந்து நிறுக்கையில் எடை கழிப்பது பற்றித் தோட்டங்களில் நெடுநாள் முறையீடு உண்டு. ஒவ்வொரு நிறுவையையும் பதிந்து காட்டும் கருவியொன்றை நம் மாணவி ஒருத்தி எண்ணினால், பயன்கொள்வோரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அடுத்த லயத்து அத்தையே இருக்கிறார். ஆனால் விலை கொடுப்பது தொழிலாளியா, தோட்ட நிருவாகமா? அக்கேள்வியை அவளிடம் கேட்க ஒருவர் மஸ்கெலியா வரையேனும் வர வேண்டும். இணையவழி பேசலாமே என்பீர்கள். பேசலாம், மலைச்சரிவில் அலைவரிசை கிட்டும் நாளில்!